கூடாரமும் குடத்துத் தண்ணீரும்

கூடாரம் என்றவுடனே அது வெள்ளைக்காரத் துரைமாரின் வேட்டைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். சித்திரை விடுமுறையிற் குடும்பத்தோடு கூடாரம் எடுத்துச் சென்று தீவுகளையும் கரையோரத்தையும் சுற்றி வந்தோம் என்று கூறியபோது, "வீடு வாசல் இருக்க வெளியிலை கிடக்க என்ன வந்தது, மாஸ்ரர்?" என்று கேட்ட நண்பரும் அத்தகையவரே. அவருடைய தாயார் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை சென்றவர். குமண வனத்தினூடாகவும் யால வனத்தினூடாகவும் சட்டி பானை சுமந்து சென்று, மரத்தடியிற் சமைத்து, மணலிற் படுத்தெழும்பிய அம்மூதாட்டியார் செய்ததை விட நாம் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை. சீலையாற் செய்த கூடாரம் ஒன்றே மேலதிகம்.

பாதயாத்திரை சென்றோரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வழியை மைற்கணக்கிற் சொல்லமாட்டார்கள். "அந்தத் தண்ணியிலை இருந்து இந்தத் தண்ணிக்கு ஒரு பகல்" என்றே சொல்வார்கள். ஆறு நாட் பயணத்தின் பின் எமக்கும் அக்கணக்கே மனத்திற் பதிந்துவிட்டது. நெடுந்தீவின் குதிரைகளையும் சுண்டிக்குளத்துப் பறவைகளையும் மன்னார் மணற்றிட்டுகளையும் காணச் சென்ற நாம், போன இடமெல்லாம் கிணறுகளையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

சென்றவர்கள் ஐவர்: நாமும் துணைவியாரும், பதினைந்து வயது மகளும் பதினொரு வயது மகனும், எழுபதைக் கடந்த எமது மாமியாரும். மாமியாரை விட்டுச் செல்வதே முதல் ஏற்பாடு. ஆயின் நெடுந்தீவு என்ற சொல் காதில் விழுந்ததும் அவரே தம் சீலைகளை மடித்து வைத்துவிட்டார். உறவினர் ஒருவரின் வானில் இரு கூடாரங்கள், சிறு காஸ் அடுப்பு, கேத்தல், அரிசிமா, ஒடியல்மா, பனாட்டு, ஒரு பேணி நிறையப் பருத்தித்துறை வடை என்பனவற்றோடு 20 லீற்றர்த் தண்ணீர்க் கான்கள் இரண்டும் ஏறின. தண்ணீர்ச் செலவைக் கொப்பியில் எழுதி வருவது மகளின் பொறுப்பு. பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று எண்ணியே அப்பணியை அவளுக்குக் கொடுத்தோம்.

செல்லுமுன் ஒரு விளக்கம் வேண்டியிருந்தது. 2015ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நெடுந்தீவின் ஒரு பகுதியும், சுண்டிக்குளமும், ஆதாம் பாலத்தை அண்டிய கடலும் திட்டுகளும் தேசிய பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டு முதலே பறவைகளின் சரணாலயமாக இருந்தது. பூங்கா என்ற சொல்லைக் கேட்ட மகன் அங்கே ஊஞ்சல் எத்தனை உண்டு என்று வினவினான். அவனிற் குற்றமில்லை. உவர்மண்ணும் ஈச்சம் பற்றையும் கண்ணாக்காடும் நிறைந்த வெளிக்குப் பூங்கா எனப் பெயரிட்டவர் எவரோ, அவர் அங்கே போய்ப் பார்க்காமலே பெயர் இட்டிருக்க வேண்டும். இப்பூங்காக்களினுள்ளே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கூடாரம் அடிக்கலாகாது. ஆகவே நாம் எல்லைக்கு வெளியே, நிலத்துக்குரியவரிடம் கேட்டே தங்கினோம்.

பண்ணைத் தாம்போதி கடந்து வேலணை, அங்கிருந்து இன்னொரு தாம்போதியாற் புங்குடுதீவு, அதன் மேற்கோரத்திற் குறிகட்டுவான் துறை. வானைத் துறையிலேயே நிறுத்திவிட்டுச் சாமான்களோடு படகேறினோம். சோளகம் எழுமுன் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எம்மோடு வந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் மருந்துப் பொதியும் கோழித்தீனும் கொண்டு வீடு திரும்பும் தீவார். எமது கூடாரப் பொதி அவர்களின் மூட்டைகளுக்கு இடைஞ்சலாக இருந்தும் எவரும் முகஞ்சுளித்திலர். இந்நீர்வழியிலேதான் 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் சென்ற பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டனர். பக்கத்தில் இருந்த பெரியவர் கடலைக் கைகாட்டி அதனை மெல்லிய குரலிற் சொல்லிவிட்டு, பிறகு வெங்காய விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தரோ தம் ஊர்ப் பெயர்களைத் தீவுகள் தோறும் ஒட்டிச் சென்றனர். காரைநகர் அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லைடன் ஆயிற்று, நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. மற்றவை உதிர்ந்து போக, டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அவர்களின் கோட்டைச் சுவரும் புறாக்கூடும் குதிரை லாயத்தின் தூண்களும் இன்று சிதைந்து நிற்கின்றன. ஆனால் தீவார் சாந்தின்றிப் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள் ஒழுங்கை தோறும் நிமிர்ந்து நிற்கின்றன. காற்று ஊடுருவிச் செல்ல இடைவெளி விட்டு அடுக்கும் அவ்வித்தையைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நிற்கலாம்.

லான்ட்மாஸ்ரர் ஒன்றில் எம்மை ஏற்றிச் சென்றவர், தமக்குத் தெரிந்த ஒருவரின் தென்னங்காணியிலே கூடாரம் அடிக்க இடம் பிடித்துத் தந்தார். காணிக்காரரின் மனைவியார் எமக்குச் சொன்ன முதல் வார்த்தை வரவேற்பன்று. "வளவுக் கிணறு சவர், கால் கழுவத்தான் ஆகும். குடிக்கிற தண்ணி அங்காலை மணற்கிணத்திலை. விடியப் போங்கோ, பிந்தினால் கலங்கிப் போம்" என்றார். அதன் பின்னரே, "இருங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்" என்றார். சவர்நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் இப்போது தீவில் உண்டு. எனினும் சுவைக்கும் பழக்கத்துக்கும் மணற்கிணற்றையே நாடுவோர் இன்னும் உளர்.

சுற்றிலும் கடல், நடுவே ஒரு கிணறு மட்டும் இனிப்பது எங்ஙனம் என்று மகள் கேட்டாள். பாடப் புத்தகத்தில் இல்லாத வினா. மணலிலும் பவளக்கல்லிலும் மழைநீர் இறங்கும்போது, அது கீழே உள்ள உவர்நீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. நன்னீர் இலேசு, கடல்நீர் பாரம். ஆகவே நன்னீர், உவர்நீரின் மேலே நடுத்தடித்த கண்ணாடி வில்லைபோல மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது தாழ்ந்து நிற்கும் என்பது கணக்கு. 1888ஆம் ஆண்டையொட்டிப் பாடொன் கைபென் என்ற ஒல்லாந்துப் படைப் பொறியியலாளரும், 1901இல் ஹேர்ஸ்பேர்க் என்ற ஜேர்மானியரும் தனித்தனியே இதனைக் கண்டெழுதினர். முன்னவர் ஆராய்ந்தது அம்ஸ்ரடாம் நகரை அண்டிய கிணற்றுக்கு. அதாவது காரைநகருக்குப் பெயர் கொடுத்த அதே அம்ஸ்ரடாமுக்கு. அவருடைய நாட்டார் இருநூறாண்டுகளுக்கு முன்னரே இத்தீவுகளிற் குடியிருந்து கிணற்று நீர் குடித்தவர்கள் என்பதை எண்ணுகையிற் சிறிது வியப்புண்டாகின்றது.

இக்கணக்கின் மறுபக்கமே கவலைக்குரியது. மேலே ஓரடி நீரை இறைத்து மட்டத்தைத் தாழ்த்தினால், காலப்போக்கிற் கீழே இருக்கும் உவர் 40 அடி மேலெழும்பும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் இடையிற் கிணறு மூச்சுவிட்டது. மின்னிறைப்பியை அழுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கச் செல்லும் இக்காலத்தில் அதற்கு அவகாசம் இல்லை. தீவுகளில் மட்டுமா? குடாநாடு முழுவதும் இதே வில்லையின் மேலேதான் குடியிருக்கின்றது.

மறுநாள் விடியுமுன்னர் மாமியாரும் மகளும் குடத்தோடு மணற்கிணற்றுக்குச் சென்றனர். நாமும் கானைச் சுமந்துகொண்டு பின்னே சென்றோம். ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே நின்றனர். சைக்கிள்களிற் கான்கள் தொங்கின. கிணற்றின் ஓரத்து மணல் சறுக்கியதைக் கண்ட ஓர் இளம்பெண், மாமியாரைப் பார்த்து, "ஆச்சி, நீங்கள் தள்ளி நில்லுங்கோ, நான் அள்ளி ஊத்திறன்" என்றாள். அன்பாகச் சொன்ன சொல். மாமியார் குடத்தை நீட்டியபடி அசையாது நின்றார். குடம் நிறைந்து வழிந்த பின்னும் அவர் கை நீட்டியபடியே இருந்ததை நாம் கண்டோம்.

அன்று இரவு, புட்டும் சம்பலும் உண்டு முடிந்து பிள்ளைகள் மணலிற் சரிந்திருந்த வேளையில், கேளாமலே சொல்லத் தொடங்கினார். குடாநாட்டில் அவர் பிறந்த ஊரிலே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே இருந்தது. ஊரில் ஒரு பகுதியார் அதிற் கயிறு போட உரிமையற்றவர்கள். வெறுங்குடங்களோடு வந்து தூரத்தில் நிற்பார்கள். அள்ளும் உரிமையுடையோர் மனம் வைத்தால் அள்ளி ஊற்றுவார்கள். ஊற்றும்போது வாளி அவர்களின் குடத்தில் முட்டாதவாறு உயர்த்திப் பிடிக்க வேண்டும். பத்து வயதிலே அவ்வேலை மாமியாருடையது. "தள்ளி நில், ஊத்திறன்" என்று அவர் சொல்லிப் பழகிய சொல் அதுவே.

"ஒருநாள் என்னளவு பெட்டை ஒண்டு குடத்தோடை வந்து நிண்டது. நான் கெந்தி விளையாடப் போட்டன். மத்தியானம் வந்து பாக்கிறன், அதே இடத்திலை நிக்குது. வெய்யிலிலை. கிணறு பத்தடி தூரம்."

"ஏன் அம்மம்மா, அவ தானே அள்ளியிருக்கலாம்?" என்றான் மகன்.

"அள்ள விடமாட்டம், தம்பி" என்றார்.

மகன் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தான். துணைவியார் அவன் முதுகைத் தடவிவிட்டார். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டே நிறைவேறியது. மாமியார் சொன்ன சம்பவமோ 1960களில் நிகழ்ந்தது. கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் போராடி உரிமை பெற்ற அப்பத்தாண்டின் வரலாற்றை நாம் வகுப்பிற் கற்பிப்பதுண்டு. எமது வீட்டிலேயே அதற்கொரு சாட்சி இத்தனை காலமும் வாய்மூடி இருந்தது அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாட் காலையிலே மாமியார் குளிப்பதற்கென வைத்த வாளியில் அரைவாளியோடு நிறுத்திக்கொண்டார். பூசைக்கு முன் தலைமுழுகாமல் இருந்தறியாதவர் அவர். காரணத்தை நாம் கேட்கவில்லை.

தீவின் தெற்கே புல்வெளியில் மட்டக்குதிரைகளைக் கண்டோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்பர். எவருக்கும் உரித்தில்லாமல், வண்டிக்கும் சவாரிக்கும் உதவாமல், காற்றில் பிடரி பறக்க நிற்கும் அவற்றின் அழகு ஓர் அழகே. ஆனால் விலாவெலும்புகளை எண்ணலாம். கடுங்கோடையில் நீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்திகள் பத்திரிகைகளிற் பன்முறை வந்துள்ளன. நாம் கண்ட குட்டையிற் சேறே மிகுதி. எமது கானைக் கொண்டு வந்து ஊற்றுவோம் என்று மகன் அடம்பிடித்தான். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லீற்றர் வரை குடிக்கும் என்றதும் மகள் கொப்பியைப் பார்த்து, "எங்கடை ரெண்டு கானும் ஒண்டுக்கு ஒரு நாளைக்குத்தான்" என்றாள். குட்டையின் ஓரத்திலே முன்னர் வந்தோர் எறிந்து சென்ற தண்ணீர்ப் போத்தல்கள் கிடந்தன. ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினோம். அதனை விடப் பெருமளவு கிடந்தது. பெருக்கமரத்தின் பொந்தினுள்ளும் அதே கதை. அம்மரம் தன் அடிமரத்திலே மழைநீரைச் சேமித்துக் கோடையைக் கடக்கும் இயல்புடையது. அதனுள்ளே மனிதர் சேமித்து வைத்தது வெறும் போத்தல்.

இரண்டு இரவின் பின் கரை திரும்பி, வடமராட்சி கிழக்கை நோக்கி வானைச் செலுத்தினோம். வல்லிபுரம் தாண்டி மணற்காட்டில் மணற்குன்றுகளைக் கண்டபோது பிள்ளைகள் பாலைவனம் என்று கூவினர். பழைய தேவாலயம் ஒன்று மணலிற் பாதி புதைந்து கிடக்கின்றது. காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நட்டிருக்கின்றனர். இக்குன்றுகள் பார்வைக்கு வறண்டவை. உண்மையில் அவை மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சுகள். குன்று உயர்ந்திருக்கும் வரையிலே கீழுள்ள நன்னீரும் தடித்திருக்கும். இப்பகுதியிற் களவாக மணல் அள்ளுகின்றனர் என்ற செய்தி ஓயாமல் வருகின்றது. இரவிலே மணல் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு உழவு இயந்திரமும் கிணற்றையே ஏற்றிச் செல்கின்றது என்பதே எமது கருத்து. வீடு கட்ட மணல் வேண்டும் என்பது மெய். கட்டிய வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதும் மெய்யன்றோ?

சிறிது தூரத்திலே தாளையடி. கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அங்கே திறந்து வைக்கப்பட்டது; நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் ஆற்றல். வேண்டாமென்று சொல்வாரில்லை. ஆயினும் கடல்நீரை அழுத்தி வடிக்க மின்சாரம் ஓயாமல் வேண்டும். அதன் விலையை எவரேனும் கொடுக்கவே வேண்டும். வானத்திலிருந்து விலையின்றி வரும் மாரி மழையோ ஆண்டுதோறும் கடலிற் சேருகின்றது. இதனைக் கருதியே பொறியியலாளர் ஆறுமுகம் 1950களிலே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை வகுத்தார். ஆனையிறவு நீரேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சி நீரேரிக்கு நீர் கொண்டுவருவது நோக்கம். அதற்குச் சுண்டிக்குளத்திலே கடலைத் தடுக்கும் அணை. வேலைகள் தொடங்கின, முற்றுப்பெறவில்லை. சுண்டிக்குளத்துக்குச் செல்வோர் அந்த அணைக்கட்டையும் பார்த்துவிட்டு வருதல் வேண்டும். பறவை பார்க்கும் கண்ணாடி அதற்குத் தேவையில்லை.

பறவைகளைப் பொறுத்தவரை நாம் பிந்திச் சென்றவர்கள் என்று காவலர் ஒருவர் சொன்னார். மாரியில் வரும் வலசைப் பறவைகளிற் பெரும்பாலானவை புறப்பட்டுவிட்டன. ஆயினும் நீர் வற்றிய நீரேரியின் நடுவே மாலை வெய்யிலிற் பூநாரைக் கூட்டமொன்று நின்றது. தூரத்திலிருந்து பார்க்கையில் யாரோ சலவைத் துணி விரித்ததுபோல இளஞ்சிவப்பு. கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் அருகே நின்றன. மாமியார் கண்ணாடியை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுகள் சவர்த்தண்ணியிலை நிண்டு எதைக் குடிக்குதுகள்?" என்றார். அவருக்கும் அக்கணக்குத் தொற்றிவிட்டது.

அன்றிரவு கரைவலை வாடியொன்றின் அருகே, சம்மாட்டியாரின் சம்மதத்தோடு கூடாரம் அடித்தோம். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிச் சென்ற கரை அது. அதற்குப் பின் போரும் வாரிச் சென்றது. சம்மாட்டியார் இரண்டையும் ஒரே மூச்சிற் சொன்னார். வாடியின் பின்புறம், தாழைப் பற்றையின் அடியிலே, மூன்றடி ஆழத்திற் பூவல் ஒன்று தோண்டி, மணல் சரியாதவாறு அடியற்ற பீப்பாயை இறக்கியிருந்தார். கடல் அங்கிருந்து நூறு யார் தூரமும் இராது. மகன் வாளியைக் கொண்டு ஓடினான். சம்மாட்டியார் அவனைத் தடுத்து, சிரட்டை ஒன்றைக் கையிற் கொடுத்தார்.

"சிரட்டையாலை அள்ளு தம்பி, நல்ல தண்ணி வரும். வாளியாலை அள்ளினால் சவர்தான் வரும்."

ஒல்லாந்துப் பொறியியலாளர் கணக்கெழுதிக் காட்டியதை இவர் சிரட்டையாற் காட்டிவிட்டார். ஆழிப்பேரலையின் பின் நிகழ்ந்ததும் இதற்குச் சான்று. உவர் புகுந்த கிணறுகளைச் சுத்தஞ்செய்கின்றோம் என்று இயந்திரம் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களிலே, கீழிருந்த உவர் மேலும் எழும்பிற்று என்பதைக் கிழக்குக் கரையில் ஆராய்ந்தோர் கண்டனர். பொறுத்திருந்து மழைக்கு விட்ட கிணறுகளே நன்றாகத் தேறின. உதவிக்கு வந்தவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அவர்கள் கையிற் சிரட்டைதான் இல்லை. ஒரு குடம் நிறைய மகனுக்கு முக்கால் மணி நேரம் சென்றது. அக்குடத்துத் தண்ணீரிலே துணைவியார் தேநீர் வைத்து, முதற் கோப்பையைச் சம்மாட்டியாருக்கு அனுப்பினார். பாத்திரம் கழுவும்போது மகன் அருகே நின்று காவல் காத்த காட்சியை அவனுடைய வீட்டுக் குளியலறையைக் கண்டவர்கள் நம்பமாட்டார்கள்.

மிகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். பரந்தன், பூநகரி வழியாக மன்னார் வீதியைப் பிடித்துத் திருக்கேதீச்சரத்தில் வழிபட்டு, வங்காலையின் சேற்றுவெளியைக் கண்டோம். 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஏற்றுக்கொள்ளப்பட்டது அது. மன்னார்த் தீவின் தென்கரையிலே 2020இல் எழுந்த காற்றாலைகள் வரிசையாகச் சுழல்கின்றன. பறவைகள் வந்துபோகும் வழியில் அவை நிற்பது பற்றிய வாதம் ஓய்ந்தபாடில்லை. தலைமன்னார்த் துறையடியிலே நின்று, 1914 முதல் 1964ஆம் ஆண்டுப் புயல் வரை தனுஷ்கோடிக்கும் இங்குமாக நடந்த படகுச் சேவையைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். கொழும்பிற் றெயிலேறிச் சென்னையில் இறங்கிய காலம் அது என்றதும் அவர்கள் கதையென்றே எண்ணினர். மணற்றிட்டுகளுக்குப் படகு அமர்த்த வேண்டும் என்பது மகனின் விருப்பம். ஆலாக்கள் வெறும் மணலிலே முட்டையிடும் இடங்கள் அவை. மனிதர் கால் வைத்தால் முட்டையும் தெரியாது, மிதித்ததும் தெரியாது. கரையிலிருந்து பார்ப்பதே போதும் என்று மறுத்துவிட்டோம். அவன் மாலை வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். எமக்கும் போக ஆசையில்லாமல் இல்லை.

குடும்பத்தோடு செல்ல விரும்பும் அன்பர்கள் சிலர் விபரம் கேட்டுள்ளனர். சித்திரை முதற் பாதி கடலுக்கு உகந்தது. பறவைகளே நோக்கமானால் தை, மாசி. பூங்காக்களினுள் செல்லவும் தங்கவும் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுக. வன்னிக் கரையோரத்திலே கண்ணிவெடி அறிவிப்புப் பலகை எங்கேனும் காணப்படின், எத்துணைப் பழையதாயினும், அதற்கப்பால் ஓரடியும் வைக்கலாகாது. குப்பையைத் திருப்பிக் கொண்டுவரச் சாக்கு இரண்டு வேண்டும். மகளின் கொப்பிப்படி ஐவருக்கும் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 21 லீற்றர் சென்றது. கழுவவும் உடம்பு நனைக்கவும் முதல் நாளிலே 58, கடைசி நாளிலே 17. ஆதலாற் கான்கள் இரண்டு போதும். மூக்குப் பேணி ஒன்று இருந்தால் எடுத்துச் செல்க. வாய் வையாமல் எல்லாரும் ஒன்றிலேயே குடிக்கலாம், கழுவும் தண்ணீர் மிச்சம். சிரட்டை அங்கேயே கிடைக்கும்.